தினமும் 56 கி.மீ., மாதம் ஒரு நெடும்பயணம்: ப்ளக்-இன் ஹைபிரிட் சரிப்பட்டு வருமா?

வெண்ணிலா:

வணக்கம். பழைய பெட்ரோல் காரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கணவர் "முழு எலக்ட்ரிக் எடு, பெட்ரோலுக்குத் தலைமுழுகிவிடலாம்" என்கிறார். தம்பி "புது வம்பு எதற்கு, பெட்ரோல் வண்டியே போதும்" என்கிறான். ஷோரூம்காரர் நடுவில் புகுந்து ப்ளக்-இன் ஹைபிரிட் என்று ஒன்றைக் காட்டினார். கிட்டத்தில் போக மின்சாரம், தூரம் போகப் பெட்ரோல், இரண்டும் ஒரே வண்டியில் என்றார். அதைக் கேட்டதிலிருந்து தம்பி அந்த வண்டியை "ரெண்டுங்கெட்டான்" என்றுதான் கூப்பிடுகிறான்.

என் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போக 28 கி.மீ., வர 28. அதில் 15 கி.மீ. போல நெடுஞ்சாலை, மீதியெல்லாம் சிக்னலும் நெரிசலும். நெரிசல் வீட்டுப் பக்கம்தான் அதிகம். கார் நிறுத்தும் இடத்தில் சாதா பிளக் பாயின்ட் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் இப்போதைக்கு இல்லை. மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போவேன், ஒரு வழி 350 கி.மீ., கடைசிப் பகுதி மலைப்பாதை.

இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஐந்து வருடம் ஓடியது. பேட்டரி 10 யூனிட், ஒரு சார்ஜில் 50 கி.மீ. என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இன்னொன்று புதியது. பேட்டரி 20 யூனிட், 100 கி.மீ. தாண்டும் என்கிறார்கள். விலையில் கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை.

சொல்கிற கிலோமீட்டர் நிஜமாகக் கிடைக்குமா? தினமும் சார்ஜ் போட்டு இறக்கினால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடாதா? ஓட்டிப் பார்த்தவர்கள், ரிப்பேர் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். விளம்பரத்தில் வருவது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது, அது வேண்டாம்.

---

மின்பாதை:

உங்கள் கணவர் கட்சி நான்.

தினமும் 56 கி.மீ. என்பது இன்றைய எலக்ட்ரிக் காருக்கு ஒரு பொருட்டே இல்லை. 350 கி.மீ.க்கு வழியில் ஒரு இடத்தில் நிறுத்தினால் போதும். ப்ளக்-இன் ஹைபிரிட் என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் அப்படியே இருக்கும். அதற்கு மேல் பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர், சார்ஜர். சாதா காரைவிட 150 முதல் 300 கிலோ வரை கூடுதல் எடை. மின்சாரத்தில் போகும்போது இன்ஜினைச் சுமக்கிறீர்கள், பெட்ரோலில் போகும்போது பேட்டரியைச் சுமக்கிறீர்கள். சர்வீஸ் செலவு இரண்டுக்கும் உண்டு.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஆணையம் 2024ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2021ல் பதிவான கார்களின் உள்ளேயே இருக்கும் எரிபொருள் கணக்கு மீட்டரிலிருந்து எடுத்த தரவு அது, ஆய்வகத்தில் எடுத்தது அல்ல. ப்ளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் விடும் கார்பன் டை ஆக்சைடு, ஆய்வகச் சோதனைக்குப் பின் கொடுக்கும் சான்றிதழில் உள்ளதைப் போல் சராசரியாக 3.5 மடங்கு. சாதா பெட்ரோல், டீசல் கார்களில் இந்த இடைவெளி 20 சதவீத அளவுதான்.

தம்பி வைத்த பெயர் பொருத்தமானது.

---

பட்டறைவாசி:

மேடம், நான் வண்டி விக்கறவன் இல்ல, ரிப்பேர் பாக்கறவன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கணும்.

மின்பாதை சார் சொன்ன 3.5 மடங்கு சரியான கணக்குதான். ஆனா அந்தச் சான்றிதழ் நம்பர் எப்படி வருதுன்னு பாத்தா பாதிக் கதை புரிஞ்சிடும். பேட்டரி எத்தனை கி.மீ. ஓடுதோ, அதை வச்சு "இந்த வண்டி இவ்வளவு சதவீதம் மின்சாரத்துலதான் ஓடும்"னு ஒரு அனுமானம் போடுவாங்க. தினமும் ஒழுங்கா சார்ஜ் போடற ஆளை மனசுல வச்சுப் போட்ட அனுமானம் அது. நெஜத்துல நிறைய பேர் சார்ஜ் ஒயரை ஒழுங்காக் கையில எடுக்கறது இல்ல. அந்த அனுமானத்தை ஐரோப்பாவிலயே 2025லேர்ந்து புது மாடல்களுக்கு இறுக்கிட்டாங்க. அதனால சராசரியை விடுங்க, உங்க ஓட்டத்துக்கு என்ன ஆகும்னு பாப்போம்.

ப்ளக்-இன் வண்டி பட்டறைக்கு வந்தா நான் கம்ப்யூட்டரை மாட்டறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து ஆயில் ஊத்தற மூடியைத் திருகி, உள்பக்கத்தைப் பாப்பேன். நல்லா ஓடற இன்ஜின்ல அங்க மெல்லிசா ஆயில் படலம் மட்டும் இருக்கும். சில ப்ளக்-இன் வண்டியில வெளிறிப்போன மஞ்சள் பசை அப்பியிருக்கும், விரல்ல எடுத்தா நுரை மாதிரி வரும். அடுத்து டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பாக்கற கம்பியை, உருவி மோந்து பாப்பேன். பெட்ரோல் வாடை அடிக்கும். ஆயில் மட்டமும் போன சர்வீஸ்ல ஊத்தினதைவிட ஏறியிருக்கும். ஆயில் தானா ஏறுமா? பெட்ரோல் கலந்திருக்கு, தண்ணியும் கலந்திருக்கு.

ஏன்னா, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலைக் கூடுதலாத்தான் பீச்சும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு கீழ ஆயில்ல சேரும். எரிஞ்சதுல வர்ற ஈரமும் உள்ளயே தங்கும். ஆயில் நல்லா சூடேறினா ரெண்டுமே ஆவியாப் போயிடும். அதுக்கு 15, 20 நிமிஷமாவது விடாம ஓடணும். அஞ்சு நிமிஷம் ஓடி நின்னுடுற இன்ஜினுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கறது இல்ல.

இப்ப உங்க பழைய வண்டிக்கு வருவோம். பேட்டரி 10 யூனிட்னு எழுதியிருந்தா வண்டி உங்களை உபயோகிக்க விடறது 8 யூனிட் போலத்தான். 100 கி.மீ.க்கு 17லேர்ந்து 20 யூனிட் ஆகும்னு வச்சுக்குங்க. அப்படின்னா 40, 45 கி.மீ. ஏசி, குளிர், வேகம் எல்லாம் சேர்ந்தா இன்னும் குறையும். நீங்க ஓடறது 56. அதாவது சாயங்காலம் வீட்டுக்கு இன்னும் 12, 15 கி.மீ. இருக்கும்போது பேட்டரி தீர்ந்து இன்ஜின் எந்திரிக்கும். நெடுஞ்சாலை எல்லாம் முடிஞ்சு நெரிசல்ல போற நேரம் அது. குளிர்ந்த இன்ஜின், நின்னு நின்னு போகுது, ஹைபிரிட் வேற, அதனால நடுநடுவுல தானா அணையுது. சூடேறற நேரத்துக்கு நீங்க வீட்டு வாசல்ல இருப்பீங்க. மறுநாளும் இதே கூத்து.

இதுதான் இந்த வண்டிக்கு இருக்கறதுலயே மோசமான ஓட்டம். சார்ஜே போடாதவன் வண்டியில பெட்ரோல் வீணாகுமே தவிர இன்ஜின் ஓரளவு நல்லா இருக்கும். பேட்டரி கடைசியில கொஞ்சம் பத்தாம போற ஆளோட இன்ஜின்தான் தினமும் அடி வாங்கும். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறாம வேலை செய்யாது, அதனால புகையும் அப்பதான் அதிகம். இதை எந்த ஷோரூம்லயும் சொல்லி நான் கேட்டதில்ல.

வழி இருக்கு. பெரும்பாலான வண்டியில "ஹோல்ட்" இல்லேன்னா "சேவ்"னு ஒரு பட்டன் இருக்கும். பேட்டரியை அப்படியே பிடிச்சு வச்சுட்டு பெட்ரோல்ல ஓட்டும். சாயங்காலம் அந்த 15 கி.மீ. நெடுஞ்சாலையில அதைப் போட்டுடுங்க. இன்ஜினுக்குச் சீரான ஓட்டம் கிடைச்சு சூடும் ஏறும். மிச்சம் இருக்கற பேட்டரியை நெரிசல்ல செலவு பண்ணலாம், மோட்டார் நல்லா வேலை செய்யறதே அங்கதான். பக்கத்துலயே "சார்ஜ்"னு இன்னொரு பட்டன் இருக்கலாம், இன்ஜினே பேட்டரியை நிரப்பும். அதைத் தொடாதீங்க. பெட்ரோலைக் கரண்டாக்கி, பேட்டரியில போட்டு, திரும்ப எடுத்து மோட்டாருக்குக் குடுக்கறதுல ஒவ்வொரு படியிலயும் நஷ்டம்.

இதைவிட நல்ல வழி, வேலை செய்யற இடத்துல ஒரு சாதா பாயின்ட் கேட்டு வாங்கறது. 230 வோல்ட், 10 ஆம்பியர்ல மணிக்கு 2 யூனிட் சொச்சம் ஏறும். நாலு மணி நேரத்துல அந்தச் சின்ன பேட்டரி நிரம்பிடும். அப்ப தினசரி ஓட்டத்துக்குப் பெட்ரோலே வேணாம்.

20 யூனிட் வண்டின்னா கதை தலைகீழ். 56 கி.மீ. முழுக்க மின்சாரம், இன்ஜின் வாரக்கணக்குல தூங்கும். ரெண்டு மாட்டை வாங்கி ஒண்ணை மட்டும் ஏர்ல பூட்டிட்டு இன்னொண்ணைக் கொட்டில்லயே கட்டி வச்சா அது என்ன ஆகும்? பெட்ரோல் பழசாகும், சீல் காயும், உள்ள துரு பிடிக்கும். 2010 கடைசியில வந்த செவ்ரோலே வோல்ட்ங்கற ப்ளக்-இன் கார்லயே இதை யோசிச்சு வச்சிருந்தாங்க. ஆறு வாரம் போல இன்ஜின் ஓடலேன்னா "கொஞ்ச நேரம் ஓட்டிக்கறேன்"னு திரையில அனுமதி கேக்கும். டேங்க்ல இருக்கற பெட்ரோல் சராசரியா ஒரு வருஷம் பழசாயிட்டா, அதை எரிச்சுத் தீர்க்க ஆரம்பிக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. மாசம் ஒரு 350 கி.மீ. இருக்கே, இன்ஜினுக்கு அதுவே மருந்து.

பேட்டரி படுத்துடுமான்னு கேட்டீங்க. கேள்வி நியாயம். ஒரு சார்ஜுக்கு 40 கி.மீ. ஓடற பேட்டரி 1,20,000 கி.மீ. மின்சாரத்துல ஓட 3,000 தடவை ஏறி இறங்கணும். 400 கி.மீ. ஓடற எலக்ட்ரிக் காருக்கு 300 தடவை போதும். அதனாலதான் சின்ன பேட்டரியில மேலயும் கீழயும் நிறைய இடம் விட்டு வைப்பாங்க. அந்த முதல் வோல்ட்ல 16 யூனிட் பேட்டரி, உபயோகத்துக்குக் குடுத்தது 10 யூனிட் சொச்சம்தான். வாங்கும்போது கஞ்சத்தனம்னு தோணும். பழசான வோல்ட்லயும் பேட்டரி நின்னு பேசறதுக்கு அந்தக் கஞ்சத்தனமும் ஒரு காரணம்.

என் முடிவைக் கேட்டா: வேலை இடத்துல பாயின்ட் கிடைச்சா பழைய வண்டி. கிடைக்கலேன்னா பெரிய பேட்டரி. அம்மா ஊர் வழியில நம்பகமான வேக சார்ஜர் இருந்தா உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் தப்பே இல்ல. வீட்டுல பாயின்ட் இல்லாதவங்க யாராவது இதைப் படிச்சா, ப்ளக்-இன் பக்கமே போகாதீங்க, ஒயர் இல்லாத சாதா ஹைபிரிட் எடுங்க, அது ஓடும்போதே தன் சின்ன பேட்டரியை நிரப்பிக்கும்.

---

சாவிக்கொத்து:

அந்த 3.5 மடங்கு ஆட்களில் நானும் ஒருவன், அதனால் உள்ளிருந்து சொல்கிறேன்.

எனக்குக் கம்பெனி கொடுத்த வண்டி. ப்ளக்-இன் எடுத்தால் வரியில் சலுகை என்று கம்பெனியே தேர்ந்தெடுத்தது. பெட்ரோலுக்குக் கம்பெனி கார்டு. வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் என் தலையில். இதில் நான் எதைச் செய்வேன் என்று நீங்களே சொல்லுங்கள். சார்ஜ் ஒயர் டிக்கியில் பையோடு கிடக்கிறது, பையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எங்கள் பார்க்கிங்கில் இருக்கும் மற்ற வண்டிகளின் நிலையும் இதுதான்.

2022ல் ஐ.சி.சி.டி. என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஐரோப்பிய வண்டிகளை வைத்துச் செய்த ஆய்வில் இது பளிச்சென்று தெரியும். சொந்தக்காரர் ஓட்டும் ப்ளக்-இன்கள் 45 முதல் 49 சதவீத தூரத்தை மின்சாரத்தில் ஓடியிருந்தன. கம்பெனி வண்டிகள் 11 முதல் 15 சதவீதம். வண்டி ஒன்றுதான், பில் கட்டுகிற ஆள் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டரி காலியான ப்ளக்-இன் எப்படி ஓடும் என்பதில் எனக்கு நல்ல அனுபவம். நின்றுவிடாது. அடியில் கொஞ்சம் சார்ஜை எப்போதும் வைத்துக்கொண்டு சாதா ஹைபிரிட் போல் ஓடும். ஆனால் எடை கூடுதல் என்பதால் அதே அளவு சாதா ஹைபிரிட்டைவிடப் பெட்ரோல் அதிகம் குடிக்கும். டேங்கும் சின்னது, அடிக்கடி பங்க் போக வேண்டும். அங்கே போனாலும் மூடியை உடனே திறக்க முடியாது. டேங்கில் அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பதால் முதலில் உள்ளே பட்டனை அமுக்க வேண்டும், அது மெதுவாக அழுத்தத்தை விடுவித்த பிறகுதான் மூடி திறக்கும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கும்போது அந்தச் சில நொடிகள் ஒரு யுகம்.

வெண்ணிலா மேடம், உங்கள் வண்டிக்குப் பெட்ரோலும் கரண்டும் இரண்டும் நீங்களே கட்டுவதால் என்னைப் போல் ஆகமாட்டீர்கள்.

---

வெண்ணிலா:

பட்டறைவாசி அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வீட்டுக்கு 12 கி.மீ. முன்னால் இன்ஜின் எழும் விஷயத்தைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். வாயடைத்துப் போனவன், "ரெண்டுங்கெட்டான்னு நான்தான் முதல்லயே சொன்னேனே" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

வேலை இடத்தில் கேட்டேன். காவலாளி அறைக்குப் பக்கத்தில் ஒரு பாயின்ட் இருக்கிறதாம், போட்டுக்கொள்ளுங்கள் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அதனால் பழைய வண்டி மறுபடி கணக்கில் வருகிறது. இன்னும் சில சந்தேகங்கள். மலை ஏறும்போது பேட்டரி காலியாக இருந்தால் இழுக்குமா? வழியில் வேக சார்ஜரில் போட்டுக்கொள்ளலாமா? பழைய வண்டியை வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

---

மின்பாதை:

வேக சார்ஜர் கேள்விக்கு நான் சொல்கிறேன். பெரும்பாலான ப்ளக்-இன்களில் அந்த வசதியே கிடையாது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் போன்ற சில வண்டிகளில் ஆரம்பத்திலிருந்தே உண்டு, இப்போது வரும் பெரிய பேட்டரி வண்டிகள் சிலவற்றிலும் கொடுக்கிறார்கள். உங்கள் பழைய வண்டியில் இருக்க வாய்ப்பு குறைவு. மெதுவான பொது சார்ஜரில் இரண்டு மணி நேரம் காத்திருந்து 40 கி.மீ. சம்பாதிப்பது 350 கி.மீ. பயணத்தில் அர்த்தமில்லாத வேலை. அந்த இடம் கிடைக்காமல் என்னைப் போல் எலக்ட்ரிக் கார்க்காரர் ஒருவர் 5 சதவீத பேட்டரியோடு நின்றுகொண்டிருப்பார், அவருக்குப் போக வேறு வழியும் இல்லை. நெடும்பயணத்தில் நீங்கள் பெட்ரோலிலேயே போங்கள்.

இரண்டு இடத்திலும் தினமும் ஒயர் மாட்டுவீர்கள் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: ஆயில் மாற்றும் செலவு உங்களை விடாது.

---

பட்டறைவாசி:

சார் சொன்னது சரி. ஆயில் கி.மீ. கணக்குல இல்லேன்னாலும் வருஷக் கணக்குல மாத்தியே ஆகணும். "இன்ஜின்தான் ஓடலயே"ன்னு ரெண்டு வருஷம் விட்டுட்டு வர்றவங்க உண்டு. அவங்க டிப்ஸ்டிக்கைத்தான் மேல சொன்னேன்.

மலைக்கு வருவோம். பேட்டரி காலியானா முழு இழுவையும் இன்ஜின் ஒண்ணுமேல விழும். பல ப்ளக்-இன்கள்ல இன்ஜின் சின்னது, மோட்டார் துணைக்கு இருக்கும்னு நம்பி வச்சது. ஏத்தத்துல அது கத்தும், வண்டி சோம்பலாப் போகும். நின்னுடாது, ஆனா முந்திப் போகறதை மறந்துடணும். வோல்ட்ல இதுக்குன்னே மலை மோடுன்னு ஒண்ணு இருந்துச்சு, ஏறத் தேவையான சார்ஜை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும். உங்க வண்டியில அது இல்லேன்னா, கிளம்பும்போதே ஹோல்ட் பட்டனைப் போட்டு நிரம்பின பேட்டரியைக் காப்பாத்திக்கிட்டே போங்க. அடிவாரத்துல எடுத்து விடுங்க. அப்ப பாருங்க, ஏத்தத்துல அந்த வண்டி ஒரு சைஸ் பெரிய வண்டி மாதிரிப் போகும். எனக்குப் ப்ளக்-இன்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

இறங்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கு. அம்மா வீடு மேல இருந்தா, அங்க ராத்திரி சார்ஜ் போட்டு 100 சதவீதம் நிரப்பிட்டு இறங்காதீங்க. இறக்கத்துல மோட்டார் வண்டியைப் பிடிச்சு கரண்டு எடுக்கும், அதை வச்சுக்கப் பேட்டரியில எடம் வேணும். எடம் இல்லேன்னா முழு பாரமும் பிரேக் பேடுமேல விழும், இல்லேன்னா இன்ஜினைச் சுத்தவிட்டு வண்டியை இழுத்துப் பிடிக்கும். முக்கால்வாசி நிரப்பினாப் போதும், மிச்சத்தை இறக்கமே நிரப்பும்.

பழைய வண்டி பாக்கறது. விக்கறவர்கிட்ட, நீங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, பேட்டரி முழுசா நிரம்பியிருக்கணும்னு சொல்லிடுங்க. போனதும் ஆயில் மூடி, டிப்ஸ்டிக். எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மின்சாரத்துலயே ஓட்டுங்க. பேட்டரி தீர்ற வரைக்கும் ஓட்டி எத்தனை கி.மீ. வருதுன்னு பாக்கறதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. 35 கி.மீ.க்கு மேல வந்தா பரவால்ல, உங்களுக்கு ஒரு வழி 28தான். 30க்குள்ள வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. டேஷ்போர்டுல காட்டற கி.மீ.யை நம்பாதீங்க, அது முன்னாடி ஓட்டினவர் கால் எப்படின்னு வச்சு ஊகிக்கறது.

பேட்டரி தீர்ந்ததும் இன்ஜின் எந்திரிக்கற அந்த நிமிஷத்தைக் கவனிங்க. ஒரு உறுமல் கேக்கும், லேசா ஒரு அதிர்வு வரும், அது சகஜம். உதறல், குலுங்கல், கியர் தேடறாப்பல தயக்கம் இருந்தா மோட்டாரையும் இன்ஜினையும் சேக்கற கிளட்ச் பக்கம் வேலை இருக்கும். அது சின்னச் செலவு இல்ல.

வீல் இடுக்குல டார்ச் அடிச்சு பிரேக் டிஸ்க்கைப் பாருங்க. இந்த வண்டிகள்ல பிரேக் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே பாத்துக்கறதால பேடு தேயாது, டிஸ்க் துருப்பிடிச்சுக் கிடக்கும். மேலோட்டமான துரு ஓட்டினாப் போயிடும். விரலால தடவினா மேடும் பள்ளமுமா இருந்தா மாத்தணும், பேரம் பேசும்போது சொல்லுங்க.

12 வோல்ட் சின்ன பேட்டரி எப்ப மாத்தினதுன்னு கேளுங்க. பெரிய பேட்டரி நிரம்பி வழிஞ்சாலும் இந்தச் சின்னது படுத்துட்டா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. என்கிட்ட டோ பண்ணி வர்ற ப்ளக்-இன்கள்ல இதுதான் அடிக்கடி.

சேசிஸ் நம்பரை வச்சு ரீகால், அதாவது குறையைச் சரி பண்ண கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடறது, ஏதாவது பாக்கி இருக்கான்னு கம்பெனி சர்வீஸ்ல கேட்டுடுங்க. பயமுறுத்தறதுக்குச் சொல்லல. 2020ல ஃபோர்டு குகா ப்ளக்-இன்ல பேட்டரி சூடாகற பிரச்சனை வந்து, சரி பண்ற வரைக்கும் சார்ஜே போடாதீங்கன்னு கம்பெனியே சொல்ல வேண்டி வந்துச்சு. அப்படி ஏதாவது இருந்து, சரி பண்ணினதுக்குக் காகிதம் இருந்தா பிரச்சனை இல்ல. பேட்டரி வாரண்டி பொதுவா 8 வருஷம், 1,60,000 கி.மீ.ன்னு வரும். உங்க வண்டிக்கு எவ்வளவு மிச்சம், உங்க பேருக்கு மாறுமாங்கறதையும் எழுத்துல வாங்குங்க.

கடைசியா, வண்டியைவிட முக்கியமா அந்தக் காவலாளி அறை பாயின்ட். தினமும் நாலு மணி நேரம் 10 ஆம்பியர் விடாமப் போகும். வீட்டுல பெரும்பாலான சாமான் பிளக்கை அப்படி வேலை வாங்காது. தளர்ந்த சாக்கெட்னா பின் சூடாகி பிளாஸ்டிக் பழுப்பாகும், அப்புறம் உருகும். முதல் நாள் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா சரி. கை வைக்க முடியலேன்னா உடனே நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாத்தி, எர்த் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேணவே வேணாம்.

---

வெண்ணிலா:

எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகிறோம், டார்ச்சோடு தம்பியும் வருகிறான். விற்பவரிடம் போனில் பேட்டரியை நிரப்பி வைக்கச் சொன்னேன். "சார்ஜ் ஒயர் எங்கேன்னு தேடணும்" என்றார். அது நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா?

---

பட்டறைவாசி:

பேட்டரிக்கு நல்லது, அதிகம் ஏறி இறங்கியிருக்காது. இன்ஜின் எல்லா கி.மீ.யும் தானே ஓடியிருக்கும், அதனால சர்வீஸ் புத்தகத்தை ஒழுங்காப் பாருங்க. ஒயர் கிடைக்கலேன்னா அதோட விலையைக் கழிச்சுக்குங்க, சின்ன விலை இல்ல. டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கான்னும் பாருங்க. முக்கால்வாசி ப்ளக்-இன்ல அந்த எடத்தைப் பேட்டரி எடுத்துக்கிட்டிருக்கும், ஒரு பஞ்சர் பசை டப்பாவும் காத்தடிக்கற பம்பும்தான் வச்சிருப்பாங்க. மலைப்பாதை போறவங்க நீங்க, அந்த டப்பா தேதி முடிஞ்சிருந்தா முதல்ல அதை மாத்துங்க.